வராமல் போன படபடப்பு

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் என் மனைவி கலாவுக்கு அடிக்கடி நெஞ்சு படபடத்து மயக்கம் வரும். இதயத்தைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படமாகப் பார்த்துக்கொண்டே, கோளாறான இடத்தைக் குழாய் செலுத்திச் சுட்டுவிடலாம் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சில நாள் முன்பே படபடப்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்திவிட்டதாக டைரியிலும் எழுதினேன்.

சிகிச்சை அன்று, கலாவை உள்ளே கொண்டுபோய் வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார்.

"நாங்க தூண்டியும் படபடப்பு வரல. வந்தாதான் எந்த இடம்னு படத்துல தெரியும். நிறுத்தச் சொன்ன மாத்திரைய குடுத்தீங்களா?"

"இல்ல சார்" என்றேன்.

பக்கத்திலிருந்த கலாவின் தங்கை அழுதுவிட்டாள். "நான்தான் மாமா, உங்களுக்குத் தெரியாம அக்காவ முழுங்க வெச்சேன். மயங்கி வுழுந்துட்டா இன்னா பண்றதுன்னு பயம்."

கலாவை வெளியே கொண்டுவந்தார்கள். "நான்தானே உள்ள படுத்துனு இருந்தேன், உங்க மூஞ்சி ஏன் இப்டி கீது?" என்று சிரித்தாள். எதையும் சுடாமலே அனுப்பிவிட்டார்கள் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

இப்போதெல்லாம் டாக்டர் சொல்வதை, காரணத்தோடு வீட்டில் எல்லோருக்கும் விளக்கிவிடுகிறேன். சிகிச்சையை மறுபடி செய்ய இன்னும் தேதி வரவில்லை. கலா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது, நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.