இடது இலை, வலது இலை

எங்கள் மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் ஆலயம், மதியத்துக்கு மேல் குழி. அம்மாவின் தம்பி அவர். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்த கையோடு வந்து, இருங்காட்டுக்கோட்டையில் காருக்குக் கதவு செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் சேர்ந்து, இன்னும் நாலு பேரோடு ஒரு வாடகை அறையில் இருந்தார். ஆராதனை முடிந்ததும் ஒரகடத்தில் எங்கள் வீட்டுக்கு வருவார். அம்மா கையால் சாப்பிட்டு, கை கழுவிய ஈரம் காயும் முன்னே என்னைப் பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். எனக்கு அப்போது பதினொரு வயது.

எங்கே புதுக் கம்பெனிக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்களோ, எங்கே கிணறு வெட்டி மண்ணைக் குவித்திருக்கிறார்களோ, அங்கே நாங்கள் இருப்போம். எங்கள் பக்கத்து மண்ணுக்கு அடியில் வெளிர் மஞ்சளில் ஒரு களிமண் பாறை உண்டு. ஏடு ஏடாகப் பிரியும். அந்த ஏடுகளுக்கு நடுவே டைனோசர் காலத்துச் செடிகள் கல்லாகிக் கிடக்கின்றன என்று மாமா தன் போனில் எங்கேயோ படித்துவிட்டார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் எங்கள் இரண்டு பேரையும் விடவில்லை. எனக்கு இன்றுவரை விடவில்லை. இப்போது நான் கல்லூரியில் படிப்பதும் கல்தான்.

ஆயுதங்கள் மிகக் குறைவு. ஒரு ஸ்குரூடிரைவர், ஒரு பெயின்ட் பிரஷ், பழைய செய்தித்தாள். ஆனால் முறை மட்டும் முழுக்க முழுக்க கம்பெனி முறை. எடுத்த ஒவ்வொரு கல்லுக்கும் எண், தேதி, இடம். நல்லதுக்குப் பச்சை ஸ்டிக்கர், சந்தேகத்துக்கு மஞ்சள், தேறாததுக்குச் சிவப்பு. ஸ்டிக்கர் இல்லாத பொருள் உலகத்திலேயே இல்லை என்பது மாமாவின் கொள்கை. ஒருமுறை என் டிபன் பாக்ஸுக்குக்கூட மஞ்சள் ஒட்டினார்.

அந்தக் கல் கிடைத்தது பென்னலூர் பக்கம் ஒரு குழியில். வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும், "இன்னா சார், இன்னிக்காவது புதையல் கெடைக்குமா? கெடைச்சா நம்மளயும் கவனிச்சுக்கோ" என்று வழிவிட்டார். நான் ஒரு கட்டியின் விளிம்பில் ஸ்குரூடிரைவரை வைத்துத் தட்டினேன். கிரீம் பிஸ்கட்டைப் பிரிப்பதுபோல அது இரண்டாகத் திறந்தது. இரண்டு பக்கத்திலும் அது இருந்தது. நடுவில் ஒரு தண்டு, தண்டின் இருபுறமும் பேன்சீப்பின் பற்கள் மாதிரி நெருக்கமாக வரிசை. ஒன்றில் மேடாக, இன்னொன்றில் பள்ளமாக. நான் கத்திய கத்தலில் மிக்ஸர் ஓட்டுகிறவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

மாமா இரண்டையும் இரண்டு கையில் ஏந்தி, வெகுநேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு தீர்ப்பு சொன்னார்.

"இது எல்எச். இது ஆர்எச்."

"அப்டின்னா இன்னா மாமா?"

"லெப்ட் ஹேண்ட், ரைட் ஹேண்ட். இடது கதவு, வலது கதவு இருக்குல்லா? பாத்தா ஒண்ணு போலத்தான் தெரியும். மாத்தி மாட்டுனா சேராது. ரெண்டும் வேற வேற பார்ட்டு, மருமவளே."

அவர்கள் கம்பெனியில் இடதையும் வலதையும் ஒரே தொட்டியில் போடுவதைவிடப் பெரிய பாவம் கிடையாது. அப்படிப் போட்ட ஒருவனுக்கு மெமோ கொடுத்த கதையை மாமா எனக்கு வேதாகமக் கதையைப் போலச் சொல்லியிருக்கிறார். ஆகவே மலையிலிருந்து இறங்கி வந்த கட்டளையாக நான் அதை ஏற்றுக்கொண்டேன். எல்எச்-23 எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் நீலத் தொட்டிக்குப் போனது. ஆர்எச்-23 கலந்துவிடக்கூடாது என்று மாமாவின் அறைக்குப் போனது. ஒரே இலையின் இரண்டு முகங்களை பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வைத்துவிட்டோம் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

இலை என்பதுகூட அப்போது தெரியாது. அம்மா ஒரே பார்வையில், "மீன் முள்ளு. இதுக்கா இந்தக் கூத்து?" என்றாள். நான் பறவையின் இறகு என்று சாதித்தேன். மாமா அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு சாளை மீனை முள் உடையாமல் பக்குவமாகத் தின்று, அந்த முள்ளைக் கழுவி, கல்லுக்குப் பக்கத்தில் வைத்து, அளவுகோலால் பல்லுக்குப் பல் அளந்தார். "முள்ளு வால் பக்கம் போகப்போக சன்னமாவும். இது ஒரே சீரா இருக்கு. மீன் இல்லக்கா. ரிஜெக்ட்." அம்மா, "சாப்பாட்டுல கல்ல வைக்கிற மொத ஆளு நீதாம்ல" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அதை இலை என்று சொன்னது ஓர் அக்கா.

மாமாவின் கம்பெனியில் பேக்கிங் பார்த்தவர். அரியலூர் பக்கத்துப் பெண். அந்த வருஷம் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் எங்களோடு குழிக்கு வந்தார். எப்போதும் சாலைகள் சேரும் கூட்ரோட்டு டீக்கடையருகே தற்செயலாக நிற்பதுபோல நிற்பார். மாமாவும் தற்செயலாகப் பார்த்ததுபோல வண்டியை நிறுத்துவார். பிறகு மூன்று பேரும் ஒரே பைக்கில், நடுவில் நான். கல்லைக் காட்டியதும் விரலை அதன்மேல் படாமல் ஓட்டிப் பார்த்தார். "இலைங்க இது. நடு நரம்பு தடிச்சிருக்கு பாருங்க. எங்க ஊர் வயல்ல கல்லு சங்கு, கல்லு சிப்பி எல்லாம் சும்மா கெடக்கும். மாடு மேய்க்கயில பொறுக்கி வெளையாடுவோம். கடலே கல்லா கெடக்கு அங்க, வந்து பாருங்க."

"வாரேன்" என்றார் மாமா. அவர் சொன்ன விதத்தில் வாட்ச்மேன்கூடச் சிரித்துவிட்டார். மாமாவுக்கு அவரைக் கட்டிக்கொள்ள ஆசை என்பது அந்தக் குழியில் இருந்த ஜேசிபி ஓட்டுநர் வரைக்கும் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பார்க்காத மிச்சத்தை, மாமாவே பின்னாளில் தன்னிடம் சொன்னதாக, அம்மா பல வருஷம் கழித்துச் சொன்னாள். அக்காவுக்கு கான்ட்ராக்ட் முடிகிறது, ஊரில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். போவதற்குமுன் எங்கள் அம்மாவிடம் கல்யாணப் பேச்சை எடுத்துவிடும்படி அவர் மாமாவிடம் கேட்டிருக்கிறார். எங்கள் வீடு சி.எஸ்.ஐ. சபை, அவர்கள் ஆர்.சி., கத்தோலிக்கர்; இரண்டுக்கும் நடுவே சம்பந்தம் லேசில் நடக்காது. கதவில் முடியளவு கீறல் இருந்தால் மொத்த லைனையும் நிறுத்தச் சொல்லத் துணிகிற மாமாவுக்கு, அம்மாவின் முன்னால் வாய் திறக்கத் துணிவில்லை. கொஞ்சம் பொறு என்று சொல்லி, அடையாளத்துக்கு ஆர்எச்-23ஐ அவர் கையில் கொடுத்திருக்கிறார். பேசிவிட்டு நானே உங்கள் ஊருக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று வாக்கு. அதற்கு அக்கா சொன்னாராம்: "நீங்களே வந்து வாங்கிக்குங்க. முடியாதுன்னா ஆள விட்டு வாங்கிக்குங்க, நா புரிஞ்சுக்கறேன்."

எனக்கு மாமா சொன்னது ஒன்றுதான்: "ஆர்எச் அந்த அக்காட்ட பத்திரமா இருக்கு."

இதற்கிடையில் எங்கள் பள்ளி அறிவியல் டீச்சர் எல்எச்-23ஐப் படமெடுத்து, சென்னையில் ஒரு கல்லூரியில் நிலவியல் நடத்துகிற தன் தோழிக்கு அனுப்பினார். ஒரு புதன்கிழமை அந்த மேடமே டீச்சரின் போனில் என்னோடு பேசினார். செடியின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை நான் கையில் எழுதிக்கொண்டேன். பிறகு கேட்டார்: "இன்னொரு பாதி எங்கம்மா?"

"அது வேற மேடம். அது ஆர்எச்."

மேடம் சிரித்துவிட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். கல் பிளந்தால் ஒரு முகத்தில் இலை, எதிர் முகத்தில் அதன் அச்சு, இரண்டும் ஒன்றேதான், இரண்டும் இருந்தால் கல்லூரிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம், கீழே கண்டெடுத்தவர் பெயரும் எழுதலாம். "வெள்ளிக்கிழமை உங்க ஸ்கூலுக்கு வர்றேன். ரெண்டையும் கொண்டு வர முடியுமா?"

கண்ணாடிப் பெட்டி. என் பெயர். எனக்கு அதன்பிறகு எதுவும் காதில் விழவில்லை.

மாமாவுக்கு போன் அடித்தேன். அந்த வாரம் அவருக்கு ஷிப்டுக்கு மேல் ஷிப்டாக ஓ.டி. லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அது லாக்கரில் கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம், ஸ்பெஷல் கிளாஸ் என்று அம்மாவிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து வல்லக்கோட்டை வழியில் இருந்த பெண்கள் ஹாஸ்டலுக்குப் போனேன். இதற்குமுன் ஒருமுறை மாமாவோடு போய் அக்காவை வாசலில் இறக்கிவிட்டிருந்தேன்.

கேட் காவலுக்கு இருந்த பெண், "யாரு வோணும் பாப்பா? வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்று ஒரு விசாரணை நடத்திவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். அக்கா இறங்கி வந்தார். தலையில் துண்டு சுற்றியிருந்தார். துணியெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாராம். மறுநாள் காலை பஸ்.

"ஏய், நீயா! தனியாவா வந்த?"

"அக்கா, அந்தக் கல்லு வேணும். ஆர்எச் இருபத்திமூணு."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று ரோட்டைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"மாமாவா வாங்கிட்டு வரச் சொன்னாரு?"

வகுப்பில் மனக்கணக்கில் நான்தான் முதல். 'இல்லை' என்று நான் சொன்னால், அவரே வரட்டும் என்பார். மாமா வர ஞாயிறு ஆகும். மேடம் நாளைக்கு வருகிறார். எல்லாம் ஒரு நொடியில் கூட்டிக் கழித்தாயிற்று.

"ஆமாக்கா."

அக்கா உள்ளே போனார். ரொம்ப நேரம் வரவில்லை. வாசலில் கிடந்த செருப்புகளை நான் இரண்டு தடவை எண்ணி முடித்தேன். வந்தபோது கையில் ஓர் இனிப்புப் பெட்டி. உள்ளே பஞ்சு, பஞ்சின்மேல் கல், கல்லில் பச்சை ஸ்டிக்கர் மூலை மடங்காமல் அப்படியே இருந்தது.

"பத்திரமா வச்சிருந்தேன்னு சொல்லு."

"சரிக்கா."

"சாப்ட்டியா?"

தலையாட்டினேன். ரோடு வரைக்கும் கூடவே வந்து ஆட்டோவை நிறுத்தினார். "அண்ணே, பாப்பாவ ஒரகடம் கூட்ரோட்ல எறக்கி விடுங்க. பள்ளத்துல பாத்து ஓட்டுங்க, கல்லு வச்சிருக்கா." ஆட்டோவில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் கையாட்டினேனா என்று ஞாபகமில்லை.

வீட்டில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். முடி நுழைய இடமில்லாமல் பொருந்தியது. வெள்ளிக்கிழமை மேடம் லென்ஸ் வைத்துப் பார்த்து, "அருமை" என்று மூன்று தடவை சொன்னார். ஸ்டிக்கர்களைப் பார்த்துச் சிரித்து, இவற்றைக் கிழிக்கவே மாட்டேன் என்றார். கல்லை எங்கள் கண் முன்னாலேயே பொதிந்து எடுத்துக்கொண்டு, அட்டையில் மாமா பெயரையும் என் பெயரையும் எழுதினார். பொதிவதற்குமுன் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட வந்து பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா ஆலயத்துக்குப் போகவில்லை. நேரே வீட்டுக்கு வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். கையில் அம்மாவுக்குப் பிடித்த ரஸ்க். அம்மாவோடு ஏதோ பேச வேண்டும் என்றபடியே படியேறியவரை நான் வாசலிலேயே பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். இலை ஒன்றே ஒன்று என்ற இடத்தில் மாமா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "இம்புட்டு நாளா தப்பால்ல பிரிச்சு வச்சிருக்கோம்! எனக்குத்தாம்ட்டி மெமோ குடுக்கணும்."

பிறகு சிரிப்பு நின்றது. "ஆர்எச் எப்பிடி வந்துச்சு?"

"நாந்தான் போய் வாங்கினு வந்தேன். ஹாஸ்டலுக்கே போய்ட்டேன்!"

"அவளே எடுத்துக் குடுத்தாளா?"

"ஆமா மாமா. கேட்ட உடனே குடுத்துட்டாங்க."

மாமா ரஸ்க் பாக்கெட்டை ஜன்னல் மேல் வைத்தார். வெளியே போய்க் குழாயடியில் நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லைபோல; போனை எடுத்து எடுத்துப் பார்த்து மறுபடி காதில் வைத்தார். அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். "ஏதோ பேசணும்னியே, என்னல?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லக்கா. ஓ.டி. ஜாஸ்தி" என்றார்.

அன்று குழிக்குப் போகவில்லை. கல் கல்லூரிக்குப் போய்விட்ட வருத்தம் என்று நான் நினைத்தேன். "விடு மாமா, அடுத்த வாரம் இதவிடப் பெருசா எடுக்கலாம்" என்று முதுகில் தட்டினேன். அவர் என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, அக்கா என்ன சொன்னாள், ஒன்று விடாமல் சொல்லு என்றார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார். நானும் சலிக்காமல் சொன்னேன். தலையில் துண்டு, இனிப்புப் பெட்டி, பஞ்சு, பத்திரமாக வைத்திருந்தேன் என்று சொல்லச் சொன்னது, சாப்ட்டியா என்றது, ஆட்டோக்காரரிடம் சொன்னது. ஹாஸ்டல் வாசலில் இருந்த செருப்புகளின் எண்ணிக்கையைக்கூடச் சொன்னேன்.

அக்கா என்னிடம் கேட்ட அந்த ஒரு கேள்வியையும், நான் சொன்ன பதிலையும் மட்டும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று அல்ல. அது சொல்லும்படியான ஒரு விஷயமாக எனக்குத் தோன்றவே இல்லை.