அனுமதியில்லாமல் குடியேறியவர்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் முப்பத்தோரு வருடம் கட்டட ஆய்வாளராக இருந்தவர் லிண்டன் பெல்கி. வாசற்படி அரை அங்குலம் கூடினாலும் அனுமதி தரமாட்டார். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. கோடையில் ஊரார் காட்டுப் பாதை நெடுகக் குச்சியும் பாசியும் கொண்டு குட்டித் தேவதைகள் வந்து தங்கவென்று சின்னஞ்சிறு வீடுகள் கட்டிவைத்தால், அளவு நாடாவோடு வந்துவிடுவார்.

இந்த வருடம் பக்கத்து வீட்டு வெர்னா, தான் மரப்பட்டைக் கூரை போட்டுக் கட்டிய வீட்டருகே இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். அவருடைய சொந்த வீட்டுத் தாழ்வாரத்துக்கு மூன்று முறை அனுமதி மறுத்தவர் லிண்டன்.

"யோவ் லிண்டன், இதுலயாவது குத்தம் சொல்லாமப் போறியா பாப்போம்."

லிண்டன் குப்புறப் படுத்து உள்ளே பார்த்தார்.

"வெளியேற ரெண்டாவது வழி எங்கம்மா? தீப்பிடிச்சா தேவதை என்ன பண்ணும்?"

"பறந்து போயிடும்யா! றெக்கை எதுக்கு இருக்கு?"

அவர் வாசலை அளக்க நாடாவை நீட்டிய நேரத்தில், கன்னம் புடைக்க எதையோ அடக்கிக்கொண்டு ஓர் அணில் உள்ளிருந்து எட்டிப் பார்த்தது. அனுமதிச் சீட்டு வாங்காமலே குடியேறிவிட்டது! சட்டப்படி உடனே காலி செய்ய வைக்க வேண்டும்.

லிண்டன் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். முப்பத்தோரு வருடத்தில் ஒருமுறைகூடச் சொல்லாததைச் சொன்னார்.

"நான் எதையும் பாக்கல, வெர்னா."