மனோன்மணி ரீச்சரும் அரச கலியாணங்களும்

திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பழைய மாணவி ஒருத்தி வந்து என் கையைப் பிடித்தாள். "ரீச்சர், எங்கடை மனோன்மணி ரீச்சர் காலமை மோசம் போயிட்டாவாம்." கத்தரிக்காயைத் தராசிலேயே விட்டுவிட்டுச் செத்தவீட்டுக்குப் புறப்பட்டேன். ஒரே பள்ளிக்கூடத்தில் பல ஆண்டுகள் சேர்ந்து படிப்பித்தவர்கள் நாங்கள்.

அவர் கணித ஆசிரியை. ஆனால் இடைவேளைகளில் அவரைச் சுற்றி நாங்கள் கூடியது கதை கேட்கத்தான். ஒருமுறை கொழும்புக்குப் போனவர், ஐரோப்பிய அரச குடும்பத்துத் திருமணங்களைப் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகமொன்றை வாங்கி வந்தார். தேநீர் ஆறுவது தெரியாமல் அதைத் தமிழில் சொல்லுவார். "படத்தைப் பாத்து ஓம் எண்ட ராசா, ஆளைப் பாத்த உடனை மாட்டன் எண்டிட்டாராம்!" வரலாறு படிப்பித்த ஆசிரியை ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. "உது வரலாறில்லை, ஊர்வம்பு" என்றார். மனோன்மணி கோபப்படவில்லை. "வம்புதான். ஆனா இந்த வம்பாலை யுத்தமே வந்திருக்கு" என்று சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

மாலையில் கொக்குவில் ஸ்டேசனிலும் அதே புத்தகம்தான். ஒருநாள் ரயில் வந்து போனதையே அவர் கவனிக்கவில்லை. டிக்கெட் கொடுக்கும் சிவஞானம் வெளியே வந்து, "ரீச்சர், உங்கடை கோச்சி போயிட்டுது" என்றாராம்.

"போகட்டும். இந்தப் பொம்பிளை இன்னும் கப்பலிலை நிக்கிறாள். மாப்பிள்ளையைக் காணேல்லை."

அடுத்த ரயில் வரும்வரை சிவஞானம் நின்று அந்த இளவரசியின் கதையைக் கேட்டார். பிறகு புத்தகத்தை இரவல் வாங்கினார். எந்த ராணி செய்தது சரி என்று இருவரும் ரயில் மேடையில் நின்று வாதாடுவதை நானே பார்த்திருக்கிறேன். சிவஞானம் மனைவியை இழந்தவர். மனோன்மணிக்கோ நாற்பது கடந்திருந்தது; கலியாணப் பேச்சை வீட்டார் எப்போதோ கைவிட்டிருந்தார்கள்.

சிவஞானத்தை மணப்பதென்ற முடிவைத் தமையனிடம் சொல்லப் போனபோது மனோன்மணி என்னையும் கூட்டிச் சென்றார். தமையன் கொதித்தார். "இந்த வயதிலை உனக்கென்ன கலியாணம்? ஊர் சிரிக்கும்."

மனோன்மணி குரலை உயர்த்தவில்லை. "அண்ணை, ராசாமாற்றை பிள்ளையளை நாட்டுக்காகக் கட்டிக் குடுத்தவை. ஒருத்தியிட்டையும் விருப்பமோ எண்டு கேக்கேல்லை. எனக்கு நாடுமில்லை, படையுமில்லை. நீங்களாவது என்னட்டைக் கேளுங்கோவன்."

தமையன் நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"சரி. விருப்பமோ?"

"ஓம் அண்ணை."

நல்லூரில் நடந்த திருமணத்தில் அந்தத் தமையனே முன்னுக்கு நின்று கன்னிகாதானம் செய்து கொடுத்தார். ஊரில் சிலர் சிரித்தார்கள்தான்; பந்தியிலும் அவர்களே முதலில் இருந்தார்கள்.

செத்தவீட்டில் சிவஞானத்தார் என்னைக் கண்டதும், "நாங்கள் நல்லாய் இருந்தனாங்கள், ரீச்சர்" என்றார்.

மனோன்மணியை நினைக்கையில், கலியாணம் முடிந்து பள்ளிக்கூடம் திரும்பிய அந்தக் காலைதான் என் முன்னே வருகிறது. தலை நிறைய மல்லிகையோடு வகுப்புக்குள் போனார். பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த வகுப்பில் நின்ற எனக்கு அவர் குரல் தெளிவாகக் கேட்டது. "ஏன் ஒளிச்சுச் சிரிக்கிறியள்? வடிவாய்ச் சிரியுங்கோ. எனக்கும் சந்தோசம்தான்." வகுப்பே கலகலத்தது. மகிழ்ச்சியை ஒளிக்கத் தேவையில்லை என்ற அந்தக் குரலைத்தான் நான் எனக்கென்று வைத்துக்கொள்கிறேன்.