அம்சவள்ளியின் ஆறுக்கு நாலு போர்டு

மரக்காணத்தில் எந்த வீட்டில் என்ன குழம்பு, எந்தப் பெண்ணுக்கு எந்த ஊர் சம்பந்தம் தட்டிப்போனது என்பதெல்லாம் அம்சவள்ளிக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் பஸ் ஸ்டாண்டுக்கும் தெரியும். பதினைந்து வருஷம் உப்பு வாரிக் கால் வெடித்தபின் தையல் மிஷின் வாங்கியவள். மிஷினைவிட வாய் வேகம். ஆனால் அவள் வீட்டுப் பின்னறையில் வந்து அழுதுவிட்டுப் போன பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட அந்த வாயிலிருந்து வெளியே வந்ததில்லை. மேலே கைவைத்தவன்மீது புகார் கொடுக்க, ஆஸ்பத்திரிக்குப் போக, ஸ்டேஷன் பெஞ்சில் காத்திருக்க அந்தப் பெண்களுக்கு ஒரு துணை வேண்டியிருந்தது. அம்சவள்ளி போனாள். ஜாக்கெட் துணியோடு வந்தால் அளவு கொடுக்க வந்ததாக ஊர் நினைத்துக்கொள்ளும். ஊரின் நினைப்பைக் கெடுக்க வேண்டாமே என்று கொஞ்சம் தைக்கவும் செய்தாள், சுமாராக.

சுனாமி வந்துபோன பிறகு, இப்படி ஒரு கடற்கரை இருப்பது அரசாங்கத்துக்கு நினைவு வந்தது. 2005 நடுவில், பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஆதரவு மையங்களுக்கு மானியம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அம்சவள்ளியின் மகளிர் சங்கம் மனுப் போட்டது. முதல் தவணை கிடைத்தே விட்டது. அவளுக்கே அது சந்தேகமாக இருந்தது.

அந்தத் தவணையில்தான் பூவிழி கோர்ட்டுக்குப் போய்வந்தாள். இருபத்திரண்டு வயது, உப்பளக் கூலி. மேஸ்திரி சுப்ராயன்மீது கேஸ் கொடுத்தவள். திண்டிவனம் போகும் பஸ்ஸில் சுப்ராயனின் மச்சான்கள் அவளுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, இறங்கும்வரை இருமிக்கொண்டே வந்தார்கள். இருமியதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. ஆகவே வாடகைக் கார். பிப்ரவரியில் அவள் சாட்சி சொல்ல வேண்டும். அதற்குள் இரண்டாம் தவணை வராவிட்டால் பஸ்தான். பஸ் என்றால் வரமாட்டேன் என்று பூவிழி சொல்லிவிட்டாள்.

இரண்டாம் தவணைக்கு ஒரே ஒரு நிபந்தனை. மையத்தின் பெயர்ப்பலகை, ஆறடிக்கு நாலடி, பொதுமக்கள் பார்வையில் நன்கு படும்படி வைக்கப்பட வேண்டும். பார்வையிட அதிகாரி வருவார்.

அந்தப் போர்டை வாசலில் மாட்டினால் அதற்குக் கீழே நுழைய எவள் வருவாள்? மையத்தை நடத்தக் கொடுக்கும் காசுக்காக மையத்தை மூட வேண்டும். இதை யோசித்தவர் நிச்சயம் படித்தவர் என்று அம்சவள்ளி மதிப்போடு நினைத்துக்கொண்டாள்.

போர்டு எழுதும் செல்லப்பன் பெயரை எழுதி முடித்து, பழக்க தோஷத்தில் அடியில் ‘நல்வரவு’ என்றும் எழுதிவிட்டான்.

“டேய், இது கல்யாண மண்டபமாடா? அழி.”

“எல்லாத்துக்கும் போடறதுதாங்கா. கீழ காலியா இருந்தா நல்லா இருக்காது.”

“கைவெச்சவனுக்குத் தண்டனை உண்டுன்னு போடு. நல்லா இருக்கும்.”

போட்டான், சிவப்பில்.

அந்த வருஷம் கடற்கரையில் போர்டு இல்லாத இடம் கிடையாது. படகு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் இருந்தது. உப்பள முதலாளி கன்னியப்பனுக்கு மட்டும் ஒரு குறை: அவருடைய எடைக் கொட்டகையை எந்த நிறுவனமும் சீந்தவில்லை. உப்பு எடை போடும் நாலு தூண் கொட்டகை. ஜாமீனில் வந்த சுப்ராயன் நாற்காலி போட்டுக்கொள்ளும் இடம். அம்சவள்ளி அவரிடம் போனாள்.

“மொதலாளி, கவருமெண்டு போர்டு ஒண்ணு. ஊருக்கே தெரியற மாதிரி எடமா வெக்கச் சொல்றாங்க. உங்க கொட்டாயவிட்டா எது இருக்குது?”

“முத்திரை இருக்குதா?”

“மேலயே இருக்குதுங்க.”

கன்னியப்பன் முத்திரையைத் தடவிப் பார்த்தார். கீழே உள்ளதைப் படிக்க மூக்குக்கண்ணாடி வேண்டும். அது வீட்டில் இருந்தது. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை கொட்டகையில் தொங்கிய போர்டைச் சுப்ராயன் படித்தான். இரண்டு தடவை படித்தான் என்று உப்பு வாரிய பெண்கள் சொன்னார்கள். நாற்காலியைத் தூக்கி வெயிலில் போட்டுக்கொண்டான். மத்தியானம் முதலாளியிடம் போனான்.

“அத எடுத்துடச் சொல்லுங்க.”

இதற்குள் கண்ணாடி போட்டுப் படித்திருந்த கன்னியப்பன் எரிச்சலோடு இருந்தார். ஆனாலும் முத்திரை, கையெழுத்து. “ஏம்பா, அது பாட்டுக்குத் தொங்குது. உன்ன என்னா பண்ணுது?”

சுப்ராயன் வெயிலில் கிடந்த நாற்காலிக்கே திரும்பிப் போனான். அந்தக் கேள்விக்குப் பயந்து வேறு எந்த ஆணும் போர்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஜனவரி கடைசியில் அதிகாரி அரசப்பன் டேப்போடு வந்தார். ஆறடி, நாலடி, சரி. பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார்.

“ஏம்மா, சென்டர் எங்க?”

“அதோ, அந்தத் தெருவுல சார். கால் கிலோமீட்டர்.”

“அப்ப போர்டு ஏன் இங்க?”

“பொதுமக்கள் பார்வையில படணும்னு எழுதியிருந்தீங்களே. என் வீட்டு முன்னால யாருங்க பார்ப்பாங்க, நாலு ஆடு.”

“பாதிக்கப்பட்டவங்களுக்கு எடம் எப்படித் தெரியும்?”

“அவங்களுக்குத் தெரியும் சார். இது மத்தவங்களுக்கு.”

அரசப்பன் வெயிலில் கிடந்த நாற்காலியையும் அதில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனையும் கொஞ்ச நேரம் பார்த்தார். ‘பலகை விதிப்படி உள்ளது’ என்று எழுதிப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். இரண்டாம் தவணை, வழக்கத்துக்கு மாறாக, சொன்ன தேதிக்கு வந்தது.

பிப்ரவரியில் சாட்சி நாள். காரில் பூவிழிக்குத் தைரியம் சொல்லும் பொறுப்பை அம்சவள்ளி ஏற்றுக்கொண்டிருந்தாள். என்னென்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே யோசித்தும் வைத்திருந்தாள். பெருமுக்கல் தாண்டும்வரை பேசினாள். ஜன்னல் காற்று சுகமாக இருந்தது. பாதி வாக்கியத்தில் தூங்கிவிட்டாள்.

பூவிழி அவளை எழுப்பவில்லை. தன் வாக்குமூலத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கார் நின்றதும் தோளைத் தட்டினாள்.

“அக்கா, எழுந்திருங்க. கோர்ட்டு வந்துட்டுது.”

அம்சவள்ளி பதறிப்போய்ச் செருப்பைத் தேடினாள்.

“மெதுவா வாங்க. நான் முன்ன போறேன்” என்று பூவிழி படியேறினாள்.