ஈரம் தட்டிய கணக்கு

என் தம்பி சண்முகவேல் ரிக் லாரி வைத்து வடக்கே போர்வெல் போடுகிறவன். அவன் பெண்டாட்டி கலைமணி திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு காலேஜில் கணக்கு மேடம். பேசலாம் என்று அவர்கள் வீட்டு மாடிக்குப் போனால் சுவர் முழுக்க சாக்பீஸ் கோடு. சோறு ஆறுவதுகூடத் தெரியாது மகராசிக்கு.

"அப்படி என்னதான் சாமி அதுல?" என்று ஒருநாள் கத்தியேவிட்டேன்.

நாத்தனாரான என்னை நங்கை என்றுதான் கூப்பிடுவாள். பொறுமையாகச் சொன்னாள். கணக்கில் குலம் என்று ஒன்று உண்டாம். அதற்குள் சின்னச் சின்ன உட்குலங்கள். ஓர் உட்குலத்துக்கும் முழுக்குலத்துக்கும் நடுவில் இருப்பதையெல்லாம் கோடு போட்டு இணைத்தால், சிலசமயம் பெட்டி மாதிரி ஒழுங்கான படம் வரும். குலத்தை எண் அடுக்குகளாக எழுதவும் பல வழிகள் உண்டு. படம் பெட்டியாக வந்தால், மேற்கொண்டு உடைக்க முடியாத அந்த வழிகளில் ஒன்றாவது, அடியில் இருக்கும் உட்குலத்தை மட்டும் தனியாகக் காட்டிக்கொடுக்குமா என்பதுதான் கேள்வியாம்.

"பாத்த வரைக்கும் காட்டுதுங்க நங்கை. எப்பவும் காட்டும்னு யாரும் இன்னும் நிரூபிக்கல. கல்யாணத்துக்கு முந்தியே எனக்கு இதேதானுங்க நெனப்பு."

போன சித்திரையில் "வந்துருச்சுங்க!" என்று படியிறங்கி ஓடிவந்து தம்பிக்குப் போன் போட்டாள். அவன் ராய்ப்பூர் பக்கம் இருந்தான். தண்ணீர் பீறிட்டால் வண்டிக்கு மஞ்சள் பூசித் தேங்காய் உடைப்பது அவர்கள் வழக்கம். இவள் கணக்குக்கும் அங்கேயே உடைத்துவிட்டான். இங்கே நான் தெரு முழுக்கச் சொல்லித் தொலைத்தேன்.

மறுவாரம் சரிபார்த்தபோது நிரூபணத்தின் நடுவில் ஒரு படி நிற்கவில்லை. சுவரை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். நான் திட்டுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, எனக்கு அழுகைதான் வந்தது.

வடக்கே ஆடி மழைக்கு வண்டியை நிறுத்திவிட்டு வந்த தம்பி வெறும் சுவரைப் பார்த்தான். "மொத ஈரத்துக்கே தேங்கா ஒடச்சுட்டேன் புள்ள" என்றான். குழியில் ஈரம் தட்டியதெல்லாம் தண்ணீர் ஆகிவிடாது. தொழில் புத்தி போகுமா? "இப்ப என்ன வருது? தண்ணியா, புகையா?" தண்ணீர் இல்லாத குழியில் கல்தூள்தான் புகையாகக் கிளம்பும்.

"வெறும் புகைதானுங்க."

"அப்ப குழியில இருந்து ராடை உருவிட்டு வேற பாயிண்ட் பாக்கோணும். வேற கணக்கு எடு."

"எனக்கு இந்தப் பாயிண்ட்தானுங்க வேணும். தண்ணி இல்லாட்டியும் இதேதான்."

அவள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு சுவரிடம் போனாள்.

பிள்ளைகள் பெற்றேன், தோட்டம் பார்த்தேன். எனக்கென்று இப்படி எதையும் நான் கேட்டதில்லை, கேட்கத் தோன்றியதும் இல்லை. அன்றைக்கு அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.