மூடியில்லாத கிரீம் டப்பா

அந்தக் கிரீம் டப்பாவுக்கு மூடி கிடையாது. ஓயாமல் மூடித் திறக்க நேரமேது என்று கவுண்டரில் உட்காரும் அக்கா அதை என்றைக்கோ தூக்கிப் போட்டுவிட்டார். முதியோர் உதவித்தொகை வழங்கும் அந்த அரசு அலுவலகத்துக்கு எங்கள் நிறுவனம்தான் கணினி அமைப்பு செய்து கொடுத்தது. பெருவிரலை வைத்தால் ரேகை பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பணம் இல்லை. ஜார்ஜ் டவுனில் ஏர்கோன் அறையில் உட்கார்ந்து, எங்கள் வழவழப்பான விரல்களை வைத்தே அதைச் சோதித்துப் பார்த்தோம். ஒருமுறைகூடத் தவறவில்லை.

கவுண்டருக்கு வந்தவர்களோ காலமெல்லாம் ரப்பர் மரம் சீவி ரேகை தேய்ந்தவர்கள். அக்கா தன் காசில் கிரீம் வாங்கி வைத்து, ஒவ்வொருவர் விரலிலும் தேய்த்துவிடுவார். பலருக்கு அது பலித்தது. சுங்கை பாக்காப்பிலிருந்து வந்த ஒரு பெரியவருக்குப் பலிக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. "நம்ம விரல்தாம்மா சரியில்ல" என்று சொல்லி, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவர் வெறுங்கையோடு பஸ் ஏறப் போனார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அடையாள அட்டையைப் பார்த்து அதிகாரியே அனுமதிக்கும்படி ஒரு பொத்தான் வைத்தால் போதும். எனக்கு அது அரைநாள் வேலை. மேலாளரிடம் சொன்னேன். "கான்ட்ராக்ட்ல இல்லலா. அவங்களா கேட்டா அடுத்த டெண்டர்ல போட்டுக்கலாம்" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். இப்படி ஒரு வழி இருப்பதை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. தெரிந்தால் அவர் சும்மா விடமாட்டார் என்ற பயம்தான்.

அடுத்த டெண்டரும் வந்தது. அலுவலகம் பொத்தானைக் கேட்கவே இல்லை. அக்காவின் கிரீம் எங்கள் குறையை அவ்வளவு அழகாக மறைத்திருந்தது. ஆனால் எங்கள் விலைப்பட்டியலில் 'விரல் பராமரிப்புக் களிம்பு' என்று ஒரு வரி ஏறியது. கடையில் விற்கும் அதே கிரீம்தான். விலையைக் கேட்டால் கடைக்காரனே வெட்கப்படுவான். அந்த வரியை எழுதியவன் நான்.

போன மாதம் பராமரிப்பு வேலைக்காக அங்கே போனேன். அக்கா புது டப்பாவைத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியா தம்பி, இனிமே நான் காசு போட வேணாம்லா. கவர்மெண்டே குடுக்குது. நீதான் எழுதிப் போட்டியாமே? நல்லா இருப்பே."

எனக்குக் கூசியது. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்து நின்ற அம்மாவின் விரலை இழுத்துத் தேய்க்கத் தொடங்கிவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா சலிக்காமல் மறுபடியும் கிரீமைத் தொட்டார். புது டப்பாவின் மூடியையும் தூக்கிப் போட்டிருந்தார்.