கை சும்மா இருக்காத பாய்

பேருந்து லஸ் முனையைத் தாண்டுவதற்குள் ஷஃபியுல்லா எதிர் இருக்கைக்காரரின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றியாயிற்று. “ஒரு நிமிசம் சார், லெஃப்ட்டு தூக்கிக்கினு கீது” என்று சொல்லி முடிப்பதற்குள் அது அவர் கைக்கு வந்துவிடும். காதுக் கம்பியை இரண்டு விரலால் ஒரு வளை, சட்டைப் பையிலிருக்கும் மஞ்சள் துணியால் ஒரு துடை, மறுபடியும் அந்த முகத்திலேயே மாட்டல். முன்பின் தெரியாத மனிதர் திட்ட வாயெடுக்கும்போது உலகம் அவருக்குக் கொஞ்சம் நேராகியிருக்கும். திட்டு பாதியில் நன்றியாக மாறுவதை பாய் நின்று கேட்பதில்லை. அவர் கண் அடுத்த மூக்குக்குப் போயிருக்கும்.

மயிலாப்பூர் கச்சேரி சாலையில் எட்டடி அகலத்தில் அவருடைய கண்ணாடிக் கடை இருக்கிறது. வயது ஐம்பத்தாறு. கடைக்குள் ஒரு நல்ல நாற்காலி உண்டு. அதில் பாய் உட்கார்ந்து பார்த்தவர் யாருமில்லை. “உக்காந்தா துரு புட்ச்சிரும் நைனா” என்பார். துடைத்த கண்ணாடியையே துடைப்பார். முடுக்கிய ஸ்க்ரூவைக் கழற்றி மறுபடி முடுக்குவார். டீ வந்தால் பாதி குடித்துவிட்டு மீதியை எங்கே வைத்தோம் என்று தேடுவார். கடையில் கூட்டம் இல்லாத நாளில் அவர் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. வாசலுக்கும் கல்லாவுக்கும் இடையே நடந்து நடந்து தரையில் ஒரு தடமே விழுந்திருக்கிறது.

தொழிலில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. புதுக் கண்ணாடி போட்டவர் “நல்லாத் தெரியுது பாய்” என்று சொன்னால் உடனே கழற்றி வாங்கிக்கொள்வார். “நல்லாத் தெரியுதுன்னு வாயால சொல்றவனுக்குத் தெரியலன்னு அர்த்தம். தெரியறவன் கண்ணாடியப் பத்திப் பேசவே மாட்டான். எதையாவது பாத்து குத்தம் சொல்லுவான்.”

தெற்கு மாட வீதியில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் சூடாமணி மாமி, “பேஷாத் தெரியறது” என்று நாலு தடவை சொல்லியும் பாய் விடவில்லை. நாலு தடவையும் திரும்ப வாங்கிச் சரிசெய்தார். ஐந்தாம் தடவை மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். “ஏன் பாய், ஃபேன்ல இத்தனை ஒட்டடையை வச்சுண்டு எப்படித்தான் வியாபாரம் பண்றேள்?” பாய் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, கண்ணாடிக் கூட்டை மாமி கையில் கொடுத்தார்.

ராயப்பேட்டை வீட்டில் அவர் மனைவி சகினாவுக்கு வலது கண்ணில் மைனஸ் ஆறு, இடது கண்ணில் மைனஸ் பதினொன்று. கல்யாணமாகி இருபத்தாறு வருடமாக வருடத்துக்கு ஒரு கண்ணாடி, எல்லாம் பாய் தம் கையால் செய்தது. ஒவ்வொன்றையும் மாட்டிக்கொண்டதும் சகினா, “நல்லாத் தெரியுதுங்க” என்பார். பாய் மீசைக்குள் சிரித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

மகள் தூபாவுக்குப் பெருங்குடியில் வேலை. அந்தமானுக்குப் போகலாம் என்று கிளப்பியது அவள்தான். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பா, அம்மா, மகள் மூன்று பேர் மட்டும் என்று முடிவாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சகினா சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது தூபா போனில் ஒரு வீடியோ காட்டினாள். முகத்தில் மாஸ்க், வாயில் மூச்சுக் குழாய், கடலின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு ஆட்கள் மீன் பார்க்கிறார்கள். சகினா போனை மூக்குக்கு நாலு விரற்கடை தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இதெல்லாம் கண்ணு இருக்கறவங்க பாக்குறதுடி. நான் மீன கிட்டக்க பாக்குறதுன்னா அருவாமனையிலதான்.”

வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, செதிலை உரசிக்கொண்டே சும்மா சொன்னார். ஆனால் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருந்த பாயின் காதில் அது விழுந்து சுருக்கென்று தைத்தது. மயிலாப்பூருக்கே கண் கொடுக்கிறவன் என்று பீற்றிக்கொள்கிற மனிதர். பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனாலும் உப்புச்சாரல் படும் என்று சகினா கண்ணாடியைக் கழற்றி இவரிடம் கொடுத்துவிட்டு, எதையோ பார்ப்பதுபோல் அலையைப் பார்த்து நிற்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அன்றைக்கு அவருக்குச் சங்கரா இறங்கவில்லை.

பவர் வைத்த மாஸ்க் கடையில் கிடைக்கிறது. ஆனால் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், சகினாவுக்கு ஆகாது. பாய் ஒரு பழைய வட்ட ஃப்ரேமை எடுத்துக் காதுக் கம்பிகளை வெட்டினார். சகினாவின் பவரில் லென்ஸ் அறுத்துப் பொருத்தினார். மாஸ்க்கின் உள்ளே ரப்பர் கொக்கிகளில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. காது இல்லாத வட்ட ஃப்ரேமுக்கு மேலும் கீழும் ஒன்றுதான், வலமும் இடமும் ஒன்றுதான். ஆகவே வலது லென்ஸின் ஓரத்தில் சிவப்பு மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தார். மொட்டை மாடியில் நீலத் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து, அடியில் ஒரு வளையலைப் போட்டு, சகினாவை முகம் வைக்கச் சொன்னார். சகினா முகத்தைத் தூக்கியதும் முதல் வார்த்தை, “அய்யய்யோ, தொட்டியில என்னங்க இவ்ளோ பாசி!”

பாய் அன்று இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டார்.

அத்தோடு விட்டிருந்தால் அவர் ஷஃபியுல்லா இல்லை. புறப்படும் வரைக்கும் அந்த மாஸ்க்கை ஏழு தடவை பிரித்து ஏழு தடவை மாட்டினார். சென்னை விமான நிலையத்தில் அவருடைய குட்டி ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒரு விரலையே வெட்டி எடுத்ததுபோல் இருந்தது அவருக்கு. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் தீவுக்குப் போன கப்பலில் சீட்டு சீட்டாக நடந்து, மூன்று பேர் கண்ணாடியை நிமிர்த்திவிட்டார். மறுநாள் காலை படகுத்துறைக்குப் போகும் வேன் விடுதி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது, இன்னும் ஒரே ஒரு தடவை என்று ஃப்ரேமைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்டுப் பளிச்சென்று துடைத்து மாட்டினார்.

படகில் எட்டுப் பேர். நீச்சல் வழிகாட்டியின் பெயர் செம்பியன், போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். பவளப் பாறைக்கு மேலே நங்கூரம் போட்டதும், “பதினோரு மணிக்குக் கெளம்பிருவோம். அதுக்கப்புறம் நீரோட்டம் மாறிடும்” என்றான். இவர்களுக்கு மறுநாள் காலையிலேயே ஊர் திரும்ப டிக்கெட். பாய் அதற்குள் அடையாறிலிருந்து வந்திருந்த ராமானுஜம் என்ற பெரியவரின் கண்ணாடியை நிமிர்த்தி முடித்து, மனைவியின் மாஸ்க்கைக் கையில் ஏந்தி, “ரெடிமேட் இல்ல சார். எங் கையால செஞ்சது. ரெண்டு கண்ணுக்கும் தனித்தனி பவரு” என்று படகு முழுக்கக் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடலைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று முதலில் இறங்கியவரும் அவர்தான். இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. காலை உதைத்தார், கையை அடித்தார், குழாயைக் கழற்றி மாட்டினார். “அண்ணே, மேல ஏறிருங்க. சும்மா கெடந்தாதான் மீன் வரும். நீங்க ஆடுற ஆட்டத்துக்கு எல்லாம் போர்ட் பிளேருக்கே ஓடிப் போயிரும்” என்று செம்பியன் அவரை ஏணிக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். பாய்க்கு அதில் வருத்தமே இல்லை. அவர் வந்தது தான் பார்ப்பதற்கு அல்ல.

சகினா முழுக்கை நீச்சல் உடையும் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டுமாக, கண்ணாடியைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, செம்பியனின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ரப்பர் வளையத்தைப் பற்றியபடி முகத்தைத் தண்ணீரில் வைத்தார். அரை நிமிடத்தில் நிமிர்ந்தார்.

“நல்லாத் தெரியுதுங்க!”

படகில் எல்லோரும் கைதட்டினார்கள். பாய் எழுந்து நின்று பெரியவருக்கு ஒரு சலாம் போட்டார். சகினா மறுபடி முகம் வைத்தார், மறுபடி நிமிர்ந்தார். தலை லேசாக வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

“ரொம்ப நல்லாத் தெரியுது!”

பாயின் கை நின்றுவிட்டது. கண்ணாடி சேராதவர்களிடம் முப்பது வருடமாகக் கடையில் தினமும் பார்க்கிற தலைச்சாய்ப்பு அது.

“இன்னா கலரு மீனு சகினா?”

“எல்லாக் கலரும் இருக்குங்க.”

“மேல வா.”

“எதுக்குங்க? நல்லாத்தானே…”

“மேல வான்றேன்ல!”

அவ்வளவு பெரிய குரலை அவரிடம் யாரும் கேட்டதில்லை. சகினா ஏணியில் ஏறி உட்கார்ந்ததும் பாய் மாஸ்க்கை வாங்கி உள்ளே பார்த்தார். சிவப்புப் புள்ளியைக் காணவில்லை. விரலால் லென்ஸ் ஓரத்தைத் தடவினார். தடித்த ஓரம், அந்த மைனஸ் பதினொன்று, வலப்பக்கம் இருந்தது. காலையில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்த துடைப்பில் தம் புள்ளியைத் தாமே அழித்துவிட்டு, தலைகீழாகத் திருப்பி மாட்டியிருக்கிறார். வலது கண்ணுக்கு இடது கண்ணின் பவர், இடது கண்ணுக்கு வலது கண்ணின் பவர். இதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் மீனும் தெரியாது, பாறையும் தெரியாது. கலங்கிய சாயம்தான் தெரியும்.

“தப்பு என்னுது. மாத்தி மாட்டிக்கீறேன்” என்றார். அதையும் படகு முழுக்கக் கேட்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு முகம் எரிந்தது.

ரப்பர் கொக்கி ஈரத்தில் இறுகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் இல்லை. தூபா தன் துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். பாய் கொக்கியை நெம்பிக்கொண்டே குனிந்தபடி கேட்டார்.

“தெரியலன்னு சொல்றதுக்கு இன்னா?”

“அவ்ளோ ஆசையா செஞ்சீங்க. எல்லார்கிட்டயும் சொல்லிட்டும் இருந்தீங்க.”

கொக்கி ஒன்று விட்டது. பாய் அடுத்ததுக்குப் போகவில்லை.

“இத்தினி வருசமா நான் போட்டுக் குடுத்ததெல்லாம்?”

“அதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.” சகினா ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். “ஒண்ணு ரெண்டுதான்…”

“எது?”

“விடுங்களேன்.”

“எது சகினா?”

“தூபா நிக்காஹுக்குப் புதுசா போட்டுக் குடுத்தீங்களே, அது. தலைய சுத்துச்சு. அவ மொகம் ரெண்டு ரெண்டா தெரிஞ்சிச்சு. கல்யாண வேலையில நீங்க ஓடிக்கிட்டு இருந்தீங்க, ஒரு நிமிசம் நின்னாத்தானே சொல்றதுக்கு.”

தூபா கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பேருந்தில் எதிரே உட்கார்ந்தவன் கண்ணாடியெல்லாம் கோணல் என்று கண்டுபிடித்தவருக்கு, பெற்ற மகளின் நிக்காஹைச் சகினா பார்க்கவே இல்லை என்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. ஆனால் செம்பியன் கடிகாரத்தைப் பார்த்து, “இன்னும் இருவது நிமிசம்ணே” என்றான்.

பாய் ஃப்ரேமை எடுத்தார், தலைகீழாகத் திருப்பினார். தடித்த ஓரம் எந்தப் பக்கம் என்று ஒரே ஒரு தடவை தடவிப் பார்த்தார். மாட்டினார். மஞ்சள் துணி சட்டைப் பையிலேயே இருந்தது. மாஸ்க்கைச் சகினாவின் முகத்தில் பொருத்தி, பின்னால் வாரை இழுத்துவிட்டார். “போ” என்றார்.

சகினா முகத்தைத் தண்ணீரில் வைத்தார்.

ஒரு சத்தமும் இல்லை. ஆரஞ்சு முதுகும் மூச்சுக் குழாயின் முனையும் மட்டும் மேலே மிதந்தன. இரண்டு நிமிடம் ஆயிற்று, ஐந்து நிமிடம் ஆயிற்று. “அம்மா, எப்படி இருக்கு?” என்று தூபா கத்தினாள். “அத்தா, அம்மா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறாங்க” என்றாள். பாய் படகின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு, விழுந்துவிடுவார்போல் எட்டிப் பார்த்தார். சகினாவின் கண்ணாடி அவர் கையில் இருந்தது. அதன் காதுக் கம்பியை மடக்கினார், விரித்தார், மடக்கினார்.

சகினா நிமிர்ந்தார். குழாயை வாயிலிருந்து எடுத்தார். முகத்தில் எரிச்சல்.

“ஏங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்களேன். உங்க நெழலு அந்த மீன் வீட்டு மேலயே விழுது. வெளிய வர மாட்டேங்குது.”

சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் மறுபடி கவிழ்ந்துகொண்டார்.

பாய் நகர்ந்தார். படகு ஆடாமல் இருக்க, உட்கார்ந்தபடியே அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். கையிலிருந்த கண்ணாடியில் உப்புத் துளிகள் காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தன. மஞ்சள் துணியை எடுக்கச் சட்டைப் பைக்குப் போன கை பாதியில் நின்று மடிக்கே திரும்பியது. பிறகு தண்ணீரிலிருந்து ஒரு காலை மெல்லத் தூக்கி, அதிலிருந்து சொட்டு விழுவது முழுக்க நிற்கும்வரை அசையாமல் காத்திருந்து, அடுத்த காலைத் தூக்கினார்.